துக்கம் நடக்காத வீடு

வாங்க, உள்ள வாங்க. செருப்பைக் கழட்ட வேண்டாமுங்க, தரையெல்லாம் புழுதி, கூட்டி நாலு நாளாச்சு. தனி ஆளுங்க நான். அந்தச் சேர்ல உக்காருங்க, அது ஆடாது. புரோக்கர் கருப்பணன் காத்தால போன் பண்ணுனான். பெரிய ஆள் ஒருத்தரை அனுப்பறேன், அவரு எச்சாப் பேச மாட்டாரு, நீங்களும் வாயைக் கொஞ்சம் கட்டிப்போட்டு உக்காருங்கண்ணான்னு சொன்னான். நான் என்னங்க பேசப்போறேன்? விக்கறவன் ஊட்டைப் பத்தி நாலு வார்த்தை சொல்லோணுமல்ல, அதைத்தான் சொல்லுவேன்.

தண்ணி குடிக்கறீங்களா? வேண்டாமா. சரி.

நீங்க வெளியில நின்னு காம்பவுண்டைக் காலடி வெச்சு அளந்ததை ஜன்னல்ல இருந்து பாத்தனுங்க. லாரி திரும்புமான்னு டிரைவர்கிட்டக் கேட்டீங்க. முப்பதடி ரோடுங்க, தாராளமாத் திரும்பும். அப்பவே எனக்கு உங்களைப் புடிச்சுப்போச்சு. ஊட்டுக்குள்ள வந்தும் ஒரு குழாயைத் திறந்து பாக்கலை, ஒரு செவுத்தைத் தட்டிப் பாக்கலை. பழைய காலத்து ஆளுங்க இப்படித்தான் வாங்குவாங்க.

இப்ப வர்றதுக இருக்குதே, அய்யோ. பேனாவாட்டம் ஒரு மிஷினைத் தண்ணிக்குள்ள உடுதுக. 'அங்கிள், உப்பு ஆயிரத்தெட்டுநூறு காட்டுது'ன்னு ஒருத்தன் மொகத்தைச் சுளிக்கறான். நாங்க இந்தத் தண்ணியைக் குடிச்சுத்தானுங்க பன்னெண்டு வருசம் இருந்தோம். இன்னொருத்தன் போனைக் கையில வெச்சுக்கிட்டு வட்டம் சுத்தறான், திசை பாக்கறானாமா. ஒரு அம்மிணி இந்த டைல்ஸைப் பாத்துட்டு, இந்தக் கலரு இப்ப யாரும் போடறதில்லைங்கறா. ஸ்கூல் வேன் வருமா, போன்ல சாப்பாடு சொன்னாக் கொண்டாந்து குடுப்பானா, இவ்வளவு பெரிய ஹாலை யாரு கூட்டறது, ரெண்டு பெட்ரூமு போதுமே, அஞ்சு எதுக்குன்னு ஆயிரம் கேள்வி. பொண்ணு பாக்க வந்தாக்கூட இத்தனை நொட்டை சொல்ல மாட்டாங்க.

இந்த ஊடு கட்டறப்ப அஞ்சு பெட்ரூமு இல்லாட்டி அது ஊடே இல்லைம்பாங்க. இந்தக் கனகதாரா கார்டன் போட்டப்ப நீங்க வந்து பாத்திருக்கோணும். ஞாயித்துக்கிழமையானா அஞ்சு வேன்ல ஆளைக் கூட்டிட்டு வருவாங்க. ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலம். சைட்டு எழுதுனா ஒரு கிராம் தங்கக்காசு. வெளிநாட்டுக் கம்பெனி வருது, ஆறுவழி ரோடு வருதுன்னு மேப்பை விரிச்சுக் காட்டுவாங்க. சனங்க பொட்டலத்தைப் பிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டாங்க. நான் அப்படி ஏமாந்தவன் இல்லீங்க. நான் வெவரமா வாங்குனவன். மொத ரவுண்டுல வாங்குனவன் டபுள் பண்ணீட்டுப் போனான், ரெண்டாவது ரவுண்டுல வாங்குனவனும் டபுள் பண்ணீட்டுப் போனான். ரெண்டையும் கண்ணால பாத்து உறுதிப்படுத்திக்கிட்டு, மூணாவது ரவுண்டுல வாங்குனேன்.

திருப்பூருல நாலு நிட்டிங் மிஷின் வெச்சிருந்தனுங்க. அதைக் குடுத்தேன், பேங்க்ல லோனும் போட்டேன், இதைக் கட்டுனேன்.

கட்டி முடிச்ச ஆறாம் மாசம் ஈரோட்டுல இருந்து ஒரு டாக்டரு வந்தாரு. கார்ல இருந்து இறங்கி ஹாலை ஒரு பார்வை பாத்தாரு. அவ்வளவுதான், எண்பது லட்சம்னாரு. டோக்கன் பணத்தைக் கார் பேனட் மேலயே வெச்சாரு. துளசிமணி, என்ற சம்சாரமுங்க, கதவோரமா நின்னு எனக்குக் கண்ணைக் காட்டறா. உள்ள போனா, 'ஏனுங்க, குடுத்துரலாமுங்க. நம்ம ரெண்டு பேருக்கு ரெண்டு ரூமு பத்தாதுங்களா'ங்கறா. நான் சொன்னேன், 'அம்மிணி, நீ போயி அடுப்பைப் பாரு. வர்ற தை மாசம் இது ஒரு கோடி.' டாக்டரைத் திருப்பி அனுப்பிச்சுப்போட்டேன். தை வந்துச்சு. கம்பெனி வரலை, ரோடு வரலை, வேனும் வரலை. நூத்திப்பத்து சைட்டுல ஊடு எழும்புனது ஒம்பது. அதுல இப்ப ஆள் இருக்கறது நாலு. மத்ததெல்லாம் வேலிமுள்ளுதான், வர்றப்பப் பாத்திருப்பீங்க.

அதுக்காக நான் பண்ணுனது தப்புன்னு சொல்ல முடியுமுங்களா? ஊரே ஒரு கோடிங்கறப்ப நான் மட்டும் எண்பதுக்குக் குடுத்திருந்தா என்னைப் பைத்தியக்காரன்னு சொல்லியிருப்பாங்க.

பொறவு வெலை இறங்குச்சு. எறங்குனாக்கூடப் பரவாயில்லைங்க, வாங்கறவன் மனசே மாறிப்போச்சு. வெலை ஏறறப்ப எந்தத் திசையில வாசல் இருந்தாலும் வாங்குனவங்க, இறங்குனதும் சாஸ்திரத்தைத் தூக்கிட்டு வர்றாங்க. தெக்குவாசல் ஆகாதுன்னு மூணு பேரு வாசலோட திரும்பிப் போனாங்க. சரின்னு அந்த வாசலைச் செங்கல் வெச்சு அடைச்சுக் கிழக்கால திறந்தேன். இப்ப நீங்க வந்தது அந்த வாசல்தான். அடுத்து வந்தவன் அடுப்படி அக்கினி மூலையில இல்லைன்னான். அதையும் இடிச்சு மாத்துனேன். எட்டு மாசம் துளசிமணி பொறத்தால தகரத்துக்கடியில நின்னு சமைச்சா. இருமுவா, முந்தானையில மொகத்தைத் தொடைப்பா, சோத்தைப் போடுவா.

அந்தத் தூசிதான் அவ நெஞ்சுக்குள்ள போயிருச்சுன்னு மக சொல்லுவா. பிரபாவதின்னு ஒரே மக, பெங்களூருல இருக்கறா. தூசியில எல்லாம் கேன்சர் வராதுன்னு டாக்டரே சொல்லிப்போட்டாரு. நான் ரெண்டு தடவை கேட்டனுங்க. ரெண்டு தடவையும் வராதுன்னுதான் சொன்னாரு.

ஒண்ணை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. அவ வைத்தியத்துக்காகத்தான் நான் இந்த ஊட்டை வித்தே தீரோணும்னு நின்னேன். எவன் வேணாலும் எது வேணாலும் பேசட்டும். கோயமுத்தூரு ஆசுபத்திரியில ஒரு ஊசிக்கு அவ்வளவு கேட்டாங்க. ஊட்டைத் தவிர எங்கிட்ட என்ன இருக்குது?

ஆவணி மாசம் ஒரு ஜோடி வந்தாங்க. கம்ப்யூட்டர் வேலை, ஊட்டுல இருந்தே பாக்கறவங்க. அதனால பெரிய ஊடுதான் வேணும்னாங்க. தண்ணிக்கு மிஷின் வெச்சுக்கறோம் அங்கிள்னான் அந்தப் பையன். இத்தனை வருசத்துக்குப் பொறவு சாமியே ஆளனுப்புனாப்பல இருந்துச்சு. எல்லா ரூமும் பாத்துட்டு அந்தப் புள்ளை பின்ரூமுக் கதவைத் திறந்துபோட்டா. துளசிமணி கட்டில்ல கிடக்கறா, பக்கத்துல ஆக்சிஜன் மிஷின் ஓடுது. எழுந்திரிக்க முடியாது, ஆனா ஊட்டுக்கு ஒறம்பரைச் சனம் வந்துட்டாப்பல, 'வா கண்ணு, உக்காரு, ஊடு புடிச்சுதா'ன்னு கேக்கறா. அந்தப் புள்ளை நல்ல புள்ளைங்க. பக்கத்துல உக்காந்து அவ கையைப் புடிச்சுக்கிட்டுப் பேசுச்சு. அவளுக்கு அன்னைக்குப் பூராவும் சந்தோசம்.

வெளியில வந்துதான் அந்தப் புள்ளை கேட்டுச்சு. 'அங்கிள், தப்பா நினைக்காதீங்க, இந்த வீட்ல யாராவது இறந்திருக்காங்களா?' இல்லை கண்ணு, புது ஊடு, ஒரு துக்கமும் நடக்கலைன்னேன். அது தலையை ஆட்டிட்டுப் பின்ரூமு ஜன்னலையே பாத்துச்சு. புரட்டாசியில எதுவும் எழுத மாட்டோம், ஐப்பசி பொறந்ததும் வர்றோம்னு சொல்லீட்டுப் போனாங்க.

ஐப்பசிக்கு ஒரு மாசத்துக்கு மேல கிடக்குது. டாக்டரோ, இருவது நாள் தாங்கறதே பெருசு, இனி ஊசியெல்லாம் வேண்டாம், ஊட்டுல வெச்சுப் பாத்துக்கோங்கன்னு சொல்லிப்போட்டாரு.

கருப்பணன்தான் சொன்னான். நானா யோசிக்கலீங்க. 'அண்ணா, சீக்காளி கட்டில்ல கிடக்கற ஊட்டை எவனும் வாங்க மாட்டான். அதுலயும் அடைப்பு நட்சத்திரத்துல உசுரு போச்சுன்னு வெச்சுக்கோங்க, ஆறு மாசம் ஊட்டைப் பூட்டோணும். முள்ளு வெச்சுப் பூட்டுன ஊட்டை எவன் திரும்பிப் பாப்பான்?'னு கேட்டான். உங்க பக்கத்துல இது உண்டுங்களா? அவிட்டத்துல இருந்து ரேவதி வரைக்கும் அஞ்சு நட்சத்திரம். அந்த நாள்ல செத்தா ஊட்டுக்கு ஆறு மாசம் அடைப்பு. ரோகிணின்னா நாலு மாசம். கார்த்திகை, உத்திரம்னா மூணு. இன்னும் சிலதுக்கு ரெண்டு. எனக்கு அதுல எல்லாம் அவ்வளவு நம்பிக்கை கிடையாதுங்க. ஆனா வாங்கறவனுக்கு இருந்தா நமக்கும் இருந்துதானே ஆகோணும்?

காலண்டரைப் பாத்தேன். அன்னைக்குத் திருவோணம். விடிஞ்சா அவிட்டம்.

அஞ்சே அஞ்சு நாளைக்குத்தானுங்க. திருப்பூருல அங்காத்தான்னு ஒரு பொம்பளை லைன்வீடு கட்டி வாடகைக்கு உட்டிருக்கறா. எட்டுக் குடித்தனம், பத்துக்குப் பத்து ரூமு. ஆஸ்துமா, ஆசுபத்திரிக்குப் பக்கமா இருக்கோணும்னு சொல்லி ஒரு ரூமைப் புடிச்சேன். துளசிமணிகிட்டயும் ஆசுபத்திரிக்குப் பக்கம்னுதான் சொன்னேன். 'எத்தனை நாளைக்குங்க'ன்னா. 'ரேவதி கழியட்டும் அம்மிணி'ன்னு வாய் தவறி வந்துருச்சு. அவ என்னைப் பாத்தா. அவளுக்குத் தெரியாததா? அவங்கம்மா சதயத்துல போயி, அவங்க ஊட்டை ஆறு மாசம் பூட்டிக் கிடந்ததைப் பாத்தவ. 'சாவியை மறக்காம எடுத்துக்கோங்க'ன்னு மட்டும் சொன்னா.

ரேவதி கழிஞ்சுது. அடுத்து அசுவினி, பரணி, ரெண்டும் நல்ல நாள்தான். ஆனா மூணாம் நாள் கார்த்திகை வருதே, அடுத்தது ரோகிணி, பொறவும் ரெண்டு இருக்குது. ரெண்டு நாளைக்குன்னு அந்த ஒடம்பைத் தூக்கிட்டு வந்து, மறுபடியும் தூக்கிட்டுப் போறதுங்களா? அது அவளுக்குத்தான் செரமம். அதனால அங்கயே உட்டேன். பகல்ல இங்க வந்து ஊட்டைத் திறந்து வெச்சு உக்காந்திருப்பேன், ஆள் யாராச்சும் பாக்க வந்தா காட்டோணுமல்ல. பொழுதோட அங்க போவேன். பக்கத்துக் குடித்தனத்துப் பொம்பளைங்கதான் கஞ்சி ஊத்துனாங்க. போனதும் ஒரே கேள்விதான் கேப்பா. 'யாராச்சும் வந்தாங்களா?' அவளுக்கும் ஊடு விக்கோணும்னு ஆசைதான்னு நான் நினைச்சுக்குவேன். ஊடு வித்தாத் தன்னைக் கூட்டிட்டுப் போயிருவேன்னு நினைச்சாளோ என்னமோ, இப்பத்தான் அப்படித் தோணுது.

பதினேழாம் நாள், உத்திரம், அங்காத்தா வந்தா. எவனோ சொல்லியிருக்கான். 'ஏனுங்ணா, உங்களுக்குச் சொந்தமா அரமனையாட்டம் ஊடு இருக்குதாமா? சாகற பொம்பளையை எதுக்குங்ணா இங்க கொண்டாந்து போட்டிருக்கீங்க? உங்கூட்டுக்கு ஆகாத சாவு எங்கூட்டுக்கு மட்டும் ஆகுமுங்களா? எட்டுக் குடித்தனமும் காலி பண்ணீட்டுப் போயிட்டா நான் சோத்துக்கு எங்க போறது?'ன்னு வாசல்ல நின்னு சத்தம் போடறா. துளசிமணி உள்ள கிடந்து கேட்டுட்டுத்தான் இருக்கறா. எனக்கு நாக்கைப் புடுங்கிக்கலாம்னு இருந்துச்சு. அங்காத்தாளைக் குத்தம் சொல்ல மாட்டேன். அவளுக்கும் அந்த எட்டு ரூமுதான் பொழப்பு.

மறுநா காத்தால ஒரு ஆம்னி வேனைப் புடிச்சேன். பெருந்துறைக்கு அக்கட்டால இந்த மாதிரி ஆளுங்களைச் சேத்துக்கற எடம் ஒண்ணு இருக்குது, அங்க பேசி வெச்சிருந்தேன். பின் சீட்டுல படுக்க வெச்சு, தலையை என்ற மடியில வெச்சுக்கிட்டேன். நம்ம கார்டன் ஆர்ச்சு இருக்குதல்லங்க, மெயின் ரோட்டுல, அதைத் தாண்டித்தான் போகோணும். அது கிட்ட வர்றப்ப வேன் கொஞ்சம் மெதுவாச்சு. அவ எப்படித்தான் கண்டுபுடிச்சாளோ, கண்ணைத் திறந்தா. 'ஊட்டுக்குத்தானுங்களே போறோம்?'னு கேட்டா.

ஆமா அம்மிணின்னு சொன்னேன்.

வேன் நேராப் போயிருச்சு. டோல்கேட்டுல வண்டி வரிசையா நிக்குது. டிரைவரு திரும்பிப் பாத்துட்டு, 'ஐயா, அம்மா அசையலையே'ன்னான். நான் மடியில வெச்சுக்கிட்டு இருக்கறேன், எனக்குத் தெரியலைங்க. அவனுக்குத் தெரிஞ்சிருக்குது.

கடைசியில நான் சொன்னதைக் கேட்டு நிம்மதியாப் போனா. அதை யாரும் இல்லைன்னு சொல்ல முடியாது. எங்கூட்டுலயும் போகலை, அங்காத்தா ஊட்டுலயும் போகலை, யாருக்கும் ஒரு நட்டமில்லாமப் போயிட்டா. அன்னைக்கு என்ன நட்சத்திரம்னு கேளுங்க. அஸ்தம். ஒரு தோசமும் இல்லாத நட்சத்திரமுங்க. ஊட்டுலயே போயிருந்தாலும் ஒரு நாள் அடைச்சிருக்க வேண்டியதில்லை. நான் காலண்டரைப் பாத்துட்டு ரோட்டோரமா உக்காந்துட்டேன். அழுதேன். ஏன் பொய் சொல்லோணும், ரோட்டுல போறவங்க நின்னு பாக்கற அளவுக்கு அழுதேன்.

அங்க இருந்து நேரா மின்மயானம். பிரபாவதி பெங்களூருல இருந்து ஓடி வந்தா. 'அம்மாவை ஒரு நிமிசம் நம்ம வாசல்ல வெச்சுட்டுப் போலாம்ப்பா, ஒரே நிமிசம்'னு கும்புட்டா. வாசல்ல வெச்சாலே பக்கத்து ஊட்டுக்காரங்க பாப்பாங்க, பாத்தா வாங்கறவங்ககிட்டச் சொல்லுவாங்க. ஐப்பசி பொறக்க ரெண்டே வாரம். நான் வேண்டாம்னுட்டேன். காரியமும் பவானி கூடுதுறையில முடிச்சாச்சு. மக ஆத்தங்கரையில இருந்தே பஸ் ஏறிப் போயிட்டா. போன் எடுக்கறதில்லை. கோவம், தணிஞ்சிரும்.

அந்த ஜோடிங்களா? ஐப்பசி ஒண்ணாந்தேதியே நான் போன் பண்ணுனேன். டவுனுக்குள்ள பிளாட் வாங்கிட்டாங்களாம். ரெண்டு பெட்ரூமாம், லிப்ட் இருக்குதாம்.

போகட்டும் உடுங்க. அவங்களுக்குக் குடுப்பினை இல்லை, உங்களுக்கு இருக்குது. அவ போயி இன்னைக்கோட இருவத்திரண்டு நாளாச்சு. தைரியமா, அடிச்சுச் சொல்றனுங்க. இந்த ஊட்டுல இன்னைய வரைக்கும் ஒரு துக்கமும் நடக்கலை. கிழக்குவாசல், அக்கினி மூலையில அடுப்படி, அஞ்சு பெட்ரூமு, உசுரு போகாத ஊடு. வேற என்ன வேணும்? வாங்க, மாடியைக் காட்டறேன்.

மாடி வேண்டாமுங்களா? ரூமாச்சும் பாருங்க.

என்னங்க? இன்னொருக்காச் சொல்லுங்க, காது கொஞ்சம் மந்தம்.

குடோனுங்களா.

இந்த எடத்துலயா. பக்கத்து ரெண்டு சைட்டையும் சேத்துங்களா. அப்ப ஊட்டை என்ன பண்ணுவீங்க? இடிச்சா... மாடியோடவா? அப்ப கட்டடத்துக்கு நீங்க எதுவுமே போடலை, மனைக்கு மட்டும்தான் வெலை. இடிக்கற கூலியும் அதுலயே கழிச்சுக்குவீங்க. இல்லை, புரியுதுங்க. சத்தம் போடலீங்க நான். வெலையைப் பத்திக் கேக்கலை.

அப்ப உங்களுக்கு வாசல் எந்தத் திசையில இருந்தாலும் பரவாயில்லைங்களா? துக்கம் நடந்திருந்தா? ஆறு மாசம் பூட்டி வெச்ச ஊடா இருந்தாலும் நீங்க வாங்கியிருப்பீங்களா?

ஒரு மாசத்துக்கு முந்தி வந்திருக்கலாமுங்களே.

உங்களைக் குத்தம் சொல்லலீங்க. நீங்க யாரு, உங்களுக்கு எப்படித் தெரியும்? கருப்பணன் சொல்லியிருக்கலாம். நான் கேட்டிருக்கலாம், இடிக்கறவங்க யாராச்சும் இருக்காங்களான்னு. எனக்குத் தோணவே இல்லீங்க. இடிக்கறதுக்குன்னு ஒருத்தன் ஊடு வாங்குவான்னு எனக்குத் தோணவே இல்லை. பின்ரூமுல அவ பாட்டுக்குக் கிடந்திருப்பா. அவ கட்டில், அவ ஜன்னல். மக வந்து பக்கத்துல உக்காந்திருப்பா.

எந்திரிக்காதீங்க. போயிராதீங்க, உங்களைக் கும்புட்டுக் கேக்கறேன். வெலையை நீங்களே சொல்லுங்க, நான் ஒரு ரூபா பேச மாட்டேன், எங்க கையெழுத்துப் போடோணுமோ போடறேன். ஒண்ணே ஒண்ணு மட்டும். அவளுக்கு நான் படம்கூட மாட்டலீங்க. மாலை போட்ட படம் செவுத்துல இருந்தா வர்றவங்க யாரு, எப்பன்னு கேப்பாங்கன்னு, பிரேம் போடக் குடுத்ததைக் கடையிலயே உட்டுட்டேன். ரெடியாகி இருவது நாளாக் கிடக்குது. கடைக்காரன் தினமும் கூப்படறான்.

ஆர்ச்சுக்கு எதுத்தாப்பலதானுங்க கடை. வண்டியில போனா பத்து நிமிசம். நீங்க இடிக்கற வரைக்கும் அவ இந்த ஊட்டுக்குள்ள இருக்கட்டும். நான் போயி எடுத்துட்டு வந்துடறேன். அதுவரைக்கும் இங்க சித்த உக்காந்திருப்பீங்களா? அவ வர்றப்ப ஊட்டுல யாராச்சும் ஒருத்தர் இருக்கோணுமல்லங்க.